மாமியின் கையளவும் அப்பாவின் கடன் கொப்பியும்: வாசகர் கேள்வி – பதில்

குடும்பமாக நடத்தும் உணவுத் தொழிலை அடுத்த தலைமுறை பொறுப்பேற்பது பற்றி வந்த கடிதங்களை இம்முறை ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம். காணி, பங்கு பற்றிய பதில்கள் வழிகாட்டல் மட்டுமே. உறுதி (காணிப் பத்திரம்) எழுதுமுன் உங்கள் பத்திரங்களை, உறுதி எழுத அதிகாரமுள்ள ஒரு நொத்தாரிசிடம் காட்டுங்கள்.

கேள்வி: என் மாமி பல வருடமாக வீட்டிலேயே மிளகாய்த்தூள் வறுத்து, மில்லில் அரைப்பித்து விற்கிறா. இப்போது கை நடுங்குவதால் நான் செய்கிறேன். “எவ்வளவு மாமி?” என்று கேட்டால் “பார்த்துப் போடு பிள்ளை” என்பதுதான் பதில். நிறம் அவவுடையதைப் போலவே வருகிறது. ஆனால் வாங்குபவர்கள் சிலர் கசக்குது என்கிறார்கள், சிலர் மணம் காணாது என்கிறார்கள். அளவை எப்படி எடுப்பது? – வாசகி, சுன்னாகம்

பதில்: மாமியிடம் அளவைக் கேட்காதீர்கள். அவவைப் போட விட்டு நீங்கள் நிறுங்கள். கையளவில் வேலை செய்பவர்களுக்கு அளவு எண்ணாகத் தெரியாது. கேட்டால் உத்தேசமாக ஒன்றைச் சொல்வார்கள், அது அவர்கள் உண்மையில் போடுவதாக இராது. ஒவ்வொரு சரக்கையும் தனித்தனிப் பாத்திரத்தில் நிரப்பி, பாத்திரத்தோடு நிறுத்து எழுதுங்கள். மாமி வழக்கம்போல் கையாலோ சுண்டாலோ அள்ளிப் போடட்டும். முடிந்ததும் பாத்திரங்களைத் திரும்ப நிறுங்கள். குறைந்த நிறைதான் அவவின் அளவு. ஒரு கிராம் வரை காட்டும் சமையலறைத் தராசு போதும்.

ஒரு தடவை நிறுத்தால் போதாது. வெவ்வேறு நாட்களில் குறைந்தது ஐந்து முறை செய்து அட்டவணை போடுங்கள். பல சரக்குகள் ஐந்து முறையும் ஏறத்தாழ ஒரே அளவாக வரும். ஒன்றோ இரண்டோ மட்டும் ஏறி இறங்கும். அந்த இடத்தில்தான் மாமி எதையோ பார்த்துத் தீர்மானிக்கிறா. செத்தல் மிளகாய் காரம் கூடியதாக இருந்தால் மல்லியைக் கூட்டுவா. மல்லி பழசென்றால் பெருஞ்சீரகத்தை ஒரு பிடி கூடப் போடுவா. “அண்டைக்கு ஏன் கூடப் போட்டனீங்கள்?” என்று அந்த ஒன்றைப் பற்றி மட்டும் கேளுங்கள். “எவ்வளவு” என்ற கேள்விக்குக் கிடைக்காத பதில் “ஏன்” என்ற கேள்விக்குக் கிடைக்கும்.

எதை எந்த நிலையில் நிறுத்தீர்கள் என்பதையும் எழுத வேண்டும். செத்தல் காம்போடு நிறுத்ததா, காம்பு கிள்ளிய பிறகா? வெயிலில் காய வைக்குமுன்னா, பின்னா? மழைக்காலத்தில் வாங்கிய மிளகாய் ஈரப்பதன் ஏறி நிறை கூடியிருக்கும். ஒரு கிலோ என்று நிறுத்தாலும் மிளகாயாக அதில் இருப்பது குறைவு. காம்பு கிள்ளி, முறுகக் காய்ந்த பின் நிறுப்பதை ஒரே வழக்கமாக வையுங்கள்.

ஒப்பிட்டுப் பார்க்க ஒரு நடுத்தரக் கலவை தருகிறோம்: காய்ந்த செத்தல் 1 கிலோ, மல்லி 1 கிலோ, பெருஞ்சீரகம் 200 கிராம், நற்சீரகம் 100 கிராம், மிளகு 100 கிராம், வெந்தயம் 50 கிராம், மஞ்சள் 50 கிராம், கறிவேப்பிலை ஏழெட்டு நெட்டு. வீட்டுக்கு வீடு இது மாறும். மாமியின் கணக்கு இதிலிருந்து எங்கே விலகுகிறதோ அதுவே உங்கள் தூளின் தனித்தன்மை. அதை இந்த அளவுக்குத் திருத்தி விடாதீர்கள்.

இனி கசப்பு. நிறம் சரியாக இருந்தும் கசந்தால் முதலில் வெந்தயத்தைச் சந்தேகியுங்கள். அது பொன்னிறம் தாண்டிச் செங்கபிலமானால் கசப்பு ஏறிவிடும், பிறகு எதைச் சேர்த்தும் குறையாது. மல்லியோடு சேர்த்து ஒரே தாச்சியில் போட்டால், மல்லி பதம் வருமுன் வெந்தயம் கருகிவிடும். ஒவ்வொன்றையும் தனியாக வறுங்கள். வெந்தயத்தைக் கடைசியில், அடுப்பைத் தணித்து, மணம் எழும்பியதும் உடனே இறக்கிச் சுளகில் கொட்டுங்கள். தாச்சியிலேயே விட்டால் அடுப்பை நிறுத்திய பின்னும் சூட்டில் வறுபட்டுக்கொண்டே இருக்கும். இரண்டாவது சந்தேகம் மிளகாய். உடைத்தால் “சடக்” என்று முறிய வேண்டும், தோல் கறுக்கக் கூடாது. பத்து மிளகாயில் ஒன்று கறுத்தாலும் அந்த வறுவலில் கசப்புத் தெரியும். விறகடுப்பில் ஒரே தடவையில் கூடுதலாகப் போட்டால் அடியில் உள்ளது கருகும், மேலே உள்ளது பச்சையாக நிற்கும். நிறம் சராசரியாகச் சரியென்று தோன்றுவது இதனால்தான்.

மணம் குறைவதற்குப் பெரும்பாலும் வறுவல் காரணமில்லை, மில்தான். சூடு ஆறாத சரக்கை மில்லில் கொட்டினால் அரைபடும் சூடும் சேர்ந்து மல்லி, சீரகத்தின் வாசனை எண்ணெய் ஆவியாகிவிடும். மில் வீட்டில் மணம் தூக்கினால் அது உங்கள் தூளிலிருந்து போன மணம். முன்மாலையில் வறுத்து, இரவு முழுக்க ஆற விட்டு, காலையில் மில் சூடேறுமுன் கொண்டு போங்கள். அரைத்து வந்ததும் கடதாசியிலோ வெள்ளைத் துணியிலோ பரவி நன்றாக ஆற விடுங்கள். இளஞ்சூட்டோடு பையில் அடைத்தால் உள்ளே நீர் வேர்த்து, கட்டி பிடித்து, பூஞ்சணம் பிடிக்கும். உங்களுக்கு முன் அந்த மில்லில் என்ன அரைத்தார்கள் என்றும் கேளுங்கள். முதலில் விழும் அரைக் கிலோவைத் தனியே எடுத்து வீட்டுக் கறிக்கு வைத்துக்கொள்வது நல்லது.

சரியாக வந்துவிட்டதா என்று அறிய மூன்று கிண்ணத்தில் ஒரே உருளைக்கிழங்குக் குழம்பை வையுங்கள். இரண்டில் மாமி செய்த தூள், ஒன்றில் நீங்கள் செய்தது. எது எதுவென்று சொல்லாமல் “இதில் வேறானது எது?” என்று மாமியிடமே கேளுங்கள். நாள் மாற்றி, கிண்ண வரிசை மாற்றி, நாலைந்து முறை செய்தும் அவவால் நிச்சயமாகப் பிரிக்க முடியவில்லை என்றால் தூள் உங்கள் கைக்கு வந்துவிட்டது. இதை மாமி நலமாக இருக்கும்போதே செய்யுங்கள். நாக்கின் நினைவுக்கு வேறு பதிவு இல்லை.

கேள்வி: அப்பா நாளுக்கு ஐந்து கிலோ மாவில் பருத்தித்துறை வடை சுட்டு விற்றவர். நான் இருபத்தைந்து கிலோவாகக் கூட்டினேன். அதே சரக்கு, அதே விகிதம். வடை எண்ணெய் குடிக்கிறது, மெத்தென்று இருக்கிறது, இரண்டு கிழமையில் பழைய எண்ணெய் மணம் அடிக்கிறது. – வாசகர், பருத்தித்துறை

பதில்: விகிதம் பிழைக்கவில்லை, நேரம் பிழைத்திருக்கிறது. ஐந்து கிலோ மாவை அப்பா குழைத்த கையோடு சுட்டு முடித்திருப்பார். இருபத்தைந்து கிலோவைக் குழைத்து வைத்தால் கடைசி மா பல மணி நேரம் காத்திருக்கும். அதற்குள் ஊறிய உளுந்திலிருந்து நீர் மாவுக்கு இறங்கி, மா இளகும். யாழ்ப்பாணத்து வெக்கையில் புளிக்கவும் தொடங்கும். இளகிய மாவைத் தட்டினால் தடிக்கும். தடித்த ஈர வடை எண்ணெயில் கிடக்கும் நேரம் கூடும்; வெளியேறிய நீரின் இடத்துக்கு எண்ணெய் ஏறும். ஐந்து கிலோவை ஐந்து தடவை குழையுங்கள். உளுந்தையும் ஐந்து பங்காக, நேரம் தள்ளித் தள்ளி ஊறப் போடுங்கள். அப்பா எத்தனை மணி நேரம் ஊற விட்டாரோ அதை மணிக்கூடு பார்த்து எழுதி, அதிலிருந்து மாறாதீர்கள்.

அடுத்தது தாச்சி. ஐந்து லீற்றர் எண்ணெயில் ஒரே தடவை அரைக் கிலோவுக்கு மேல் வடை போடக் கூடாது. கூடப் போட்டால் 175 பாகையில் இருந்த எண்ணெய் 150க்குக் கீழே இறங்கிவிடும். அது திரும்ப ஏறும் வரை வடை பொரிவதில்லை, எண்ணெயில் ஊறுகிறது. எண்ணெய் வெப்பமானி ஒன்று வாங்குங்கள். 170க்கும் 180க்கும் இடையில் வைத்திருப்பதே வேலை. உற்பத்தியைக் கூட்ட வேண்டுமென்றால் தாச்சியின் எண்ணிக்கையைக் கூட்டுங்கள், ஒரே தாச்சியில் கூட்டம் சேர்க்க வேண்டாம்.

பழைய எண்ணெய் மணத்துக்கு மூன்று காரணம் சேர்ந்தே வரும். ஒன்று, நேற்றைய எண்ணெயில் புதிதைக் கலந்து ஓட்டுவது. நுரை அடங்காமல் நின்றாலோ, வழக்கத்தை விடக் குறைந்த சூட்டிலேயே புகைந்தாலோ, ஆறிய பின் பிசின் போல் தடித்தாலோ அந்த எண்ணெய் முடிந்தது. அதில் புதிதைக் கலந்தால் புதியதும் விரைவில் கெடும். இரண்டு, தூள் தூளாகக் கருகிய மாவை வடிக்காமல் விடுவது. ஒவ்வொரு நாளும் துணியில் வடியுங்கள். செம்பு, பித்தளைப் பாத்திரத்தில் எண்ணெயைச் சேமிக்க வேண்டாம். செம்பு எண்ணெய் கெடுவதை விரைவுபடுத்தும். மூன்று, மெல்லிய பொலித்தீன் பை. காற்று அதனூடாகப் போய் வரும், வெளிச்சமும் படும். தடித்த பல அடுக்குப் பையில் அடைத்து, கடையில் வெயில் விழாத தட்டில் வையுங்கள். வடை முழுதாக ஆறிய பிறகே பையை ஒட்ட வேண்டும். அவசரத்தில் இளஞ்சூட்டோடு ஒட்டிய பைதான் முதலில் நமுத்துத் திரும்பி வரும்.

கேள்வி: நல்லூர்ப் பக்கம் எங்கள் பலகாரக் கடை. காணி அம்மாவுக்குச் சீதனமாக வந்தது. வியாபாரம் அப்பா பெயரில். நான் பதினைந்து வருடமாக அங்கே வேலை செய்கிறேன். அண்ணா கனடாவில், தங்கச்சி கொழும்பில். “கடை உனக்குத்தானே” என்று எல்லோரும் வாயால் சொல்கிறார்கள். இது போதுமா? – வாசகர், நல்லூர்

பதில்: போதாது. அவர்கள் மனம் மாறுவார்கள் என்று நாங்கள் சொல்லவில்லை. “கடை” என்று ஒவ்வொருவரும் நினைப்பது வேறு வேறாக இருக்கலாம். அண்ணா காணியையும் சேர்த்து நினைப்பார், தங்கச்சி வியாபாரத்தை மட்டும் நினைப்பார், நீங்கள் பெயரையும் சேர்த்து நினைப்பீர்கள். எழுத உட்காரும்போதுதான் அது வெளியே வரும். பெற்றோர் இருவரும் இருக்கும்போது வெளியே வருவதே நல்லது. காணி, வியாபாரம், கடைப்பெயர் மூன்றையும் மூன்றாகப் பிரியுங்கள்.

காணி அம்மாவின் சீதனம். ஆகவே அதை உங்களுக்குக் கொடுக்க அப்பாவால் முடியாது. யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமை உங்கள் குடும்பத்துக்குப் பொருந்துமென்றால், 1911ஆம் ஆண்டின் யாழ்ப்பாணத் திருமண உரிமைகள், வழியுரிமைச் சட்டப்படி, மணமான பெண் தன் அசைவற்ற ஆதனத்தை உயிரோடு இருக்கும்போது கைமாற்றக் கணவரின் எழுத்து மூலச் சம்மதம் வேண்டும். அதனால் அம்மாவும் அப்பாவும் இருவரும் ஒப்பமிட வேண்டியிருக்கும். மரண சாசனம் எழுத அந்தச் சம்மதம் தேவையில்லை. மண வாழ்வில் தேடிய சொத்து தேடியதேட்டம், பெற்றோர் வழி வந்தது முதுசம். இவை பிரியும் விதம் வேறு. கடைக் கட்டடம் அப்பாவின் உழைப்பில் எழும்பியதென்றால், காணி உறுதி அம்மா பெயரில் இருந்தாலும் அந்தச் செலவைத் தனியாக எழுதி வையுங்கள். பின்னர் மூவரும் பேசும்போது அது தேவைப்படும். தங்கச்சிக்குச் சீதனம் கொடுத்தாகிவிட்டது, இனி அவவுக்கு ஒன்றும் இல்லை என்று யாரும் வாயால் முடிவெடுக்க வேண்டாம். அதையும் நொத்தாரிசிடமே கேளுங்கள்.

காணியை இப்போதே எழுத அம்மாவுக்கு மனமில்லை என்றால் வற்புறுத்தாதீர்கள். குத்தகை உறுதி ஒன்று போதும். ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு முன்னிலையில் எழுதப்பட வேண்டும். வெள்ளைத் தாளில் எழுதி ஒப்பமிட்டால் செல்லாது. பத்து வருடக் குத்தகை இருந்தால் நீங்கள் துணிந்து அடுப்பு, புகைபோக்கி, குளிர்ப்பெட்டி என்று முதலிடலாம், அம்மாவுக்கு மாத வாடகையும் வரும். நன்கொடை உறுதியாக எழுதினால், அம்மா உயிரோடு உள்ளவரை காணியை அனுபவிக்கும் சீவிய உரித்தை அதில் வைக்கச் சொல்லுங்கள். பிற்காலத்தில் காணி மூவருக்கும் பிரிபடாப் பங்காக வந்தால் இன்னொன்றும் உண்டு. பங்காளி ஒருவர் தன் பங்கை வெளியாருக்கு விற்குமுன் மற்றப் பங்காளிகளுக்கு முறைப்படி அறிவிக்க வேண்டும். 1947ஆம் ஆண்டின் தேசவழமை முற்கொள்வுரிமைச் சட்டம் தரும் உரிமை அது.

வியாபாரத்தில் அண்ணாவும் பங்கு என்றால் அது பங்குடைமை. போட்ட முதலீடு ஆயிரம் ரூபாவுக்கு மேற்பட்ட பங்குடைமை எழுத்தில் இருக்க வேண்டும் என்பது 1840ஆம் ஆண்டின் மோசடித் தடைச் சட்டத்திலிருந்தே உள்ளது. இன்றைக்கு ஒரு மூட்டை மிளகாயே அதைத் தாண்டும். அண்ணா தன் சார்பில் செயற்பட இங்கே ஒருவருக்கு அற்றோணித் தத்துவம் கொடுத்திருந்தால் அது அவர் உயிரோடு இருக்கும் வரைதான் செல்லும் என்பதையும் மறக்க வேண்டாம்.

இனி எங்களுக்கு எல்லாவற்றையும் விட முக்கியமாகப் படுவது. வேலை செய்பவரின் சம்பளமும் உரிமையாளரின் இலாபமும் ஒன்றல்ல. பதினைந்து வருடம் கல்லாப்பெட்டியிலிருந்து செலவுக்கு எடுத்து வாழ்ந்திருப்பீர்கள். அண்ணாவுக்கு அது “எடுத்துக்கொண்டது”, உங்களுக்கு அது “உழைத்தது”. ஓர் உதாரணக் கணக்கு: மாத விற்பனை 12 இலட்சம். சரக்கு 7 இலட்சம், வேலையாட்கள் 1 இலட்சத்து 50 ஆயிரம், மின்சாரம், எரிவாயு, பொதி எல்லாம் 90 ஆயிரம். மிச்சம் 2 இலட்சத்து 60 ஆயிரம். அதில் உங்கள் சம்பளம் 90 ஆயிரம், அம்மாவுக்கு வாடகை 40 ஆயிரம், திருத்த வேலைக்கு ஒதுக்கீடு 30 ஆயிரம். பிறகு நிற்கும் 1 இலட்சம்தான் இலாபம். பங்கு பற்றிய பேச்சு இந்த ஒரு இலட்சத்தில் மட்டுமே. வெளி ஆளை வைத்தால் உங்கள் வேலைக்கு என்ன கொடுப்பீர்களோ அதையே உங்கள் சம்பளமாக வையுங்கள். இந்தத் தாளை அண்ணாவுக்கும் தங்கச்சிக்கும் மாதாமாதம் அனுப்புங்கள். கேட்டு வாங்கும் கணக்குக்கும் கேளாமல் வரும் கணக்குக்கும் உறவில் வித்தியாசம் உண்டு.

கேள்வி: அப்பா பெயரில் உள்ள பதிவுகளை என் பெயருக்கு மாற்ற வேண்டும். எங்கே தொடங்குவது? – வாசகி, சாவகச்சேரி

பதில்: வியாபாரப் பெயர்ப் பதிவு பிரதேச செயலகத்தில். அதை முதலில் செய்யுங்கள், மற்ற இடங்களில் அந்தச் சான்றிதழைத்தான் கேட்பார்கள். அடுத்து உள்ளூராட்சி சபையின் வியாபார அனுமதிப்பத்திரம், உணவு தயாரிக்கும் இடத்துக்கான சுகாதாரப் பதிவு. இவற்றுக்காகப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து பார்ப்பார். கிணற்று நீர்ப் பரிசோதனை, வேலையாட்களின் மருத்துவச் சான்று, கழிவுநீர் போகும் வழி மூன்றையும் அவர் வருமுன் தயாராக வையுங்கள். பிறகு உள்நாட்டு இறைவரித் திணைக்கள இலக்கம், வங்கிக் கணக்கு, மின் இணைப்பு, ஊழியர் சேமலாப நிதிப் பதிவு, தராசு முத்திரை. அப்பாவின் கணக்கை மூடுமுன் அதில் நிற்கும் காசோலைகள் எல்லாம் கடந்துவிட்டனவா என்று பாருங்கள்.

தனி ஒருவர் பெயரில் உள்ள வியாபாரத்தில் அந்த ஒருவர் இறந்தால் வங்கிக் கணக்கு நின்றுவிடும். சரக்குக் கொடுத்தவருக்குக் கொடுக்கப் பணம் இருந்தும் எடுக்க முடியாமல், நீதிமன்றக் கட்டளைக்குக் காத்திருக்க நேரும். அப்பா நலமாக இருக்கும்போதே மாற்றக் கேட்பதில் கூச்சப்பட வேண்டாம்.

எப்போது என்றால் மார்கழி. கலியாணம் இல்லாத மாதம், பலகார ஓடர் குறைவு. அனுமதிப்பத்திரமும் டிசம்பரோடு முடிவதால் புதிய ஆண்டுக்கு உங்கள் பெயரிலேயே எடுக்கலாம். நல்லூர்த் திருவிழாவின் இருபத்தைந்து நாளுக்குள்ளோ தீபாவளிக்கு முன்னோ இந்த வேலையைத் தொடங்காதீர்கள்.

கேள்வி: பெரியப்பாவின் மகன் எங்கள் கடைப்பெயரையே போட்டு வேறு கடை திறந்திருக்கிறார். பெயர் தாத்தாவுடையது. தடுக்க முடியுமா? – வாசகர், கொக்குவில்

பதில்: தாத்தாவின் பெயர் என்றால் அவருக்கும் அதில் பற்று உண்டு. சண்டைக்கு முன் உட்கார்ந்து பேசுங்கள். வியாபாரப் பெயர்ப் பதிவு பெயரின் உரிமையைத் தராது. உரிமைக்கு, 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின் கீழ் வியாபாரக் குறியாகப் பதிய வேண்டும். பதிவு பத்து வருடத்துக்கு, பிறகு புதுப்பிக்கலாம். வெறும் குடும்பப் பெயரோ ஊர்ப் பெயரோ தனியாகப் பதிவாவது கடினம். எழுத்தின் வடிவம், படம், நிறம் சேர்ந்த குறியாக விண்ணப்பியுங்கள். சமாதானமாகப் போகலாம் என்றால், இரு வீட்டாரும் லேபலில் தத்தம் ஊரைப் பெரிதாகப் போடுவது, நிறத்தை மாற்றிக்கொள்வது என்று ஓர் உடன்படிக்கை எழுதுங்கள். ஒருவர் பொதியில் பூச்சி கண்டால் அவப்பெயர் இருவருக்கும் வரும் என்பதை அவருக்கும் எடுத்துச் சொல்லுங்கள்.

கேள்வி: பிரான்சில் உள்ள மச்சான் எங்கள் தூளைக் கடைகளுக்கு எடுக்கிறேன் என்கிறார். அம்மா பொதி கட்டி அனுப்பியதைப் போலவே அனுப்பலாமா? – வாசகி, கோப்பாய்

பதில்: உறவுக்கு அனுப்பும் பொதி வேறு, கடைச் சரக்கு வேறு. ஐரோப்பிய ஒன்றியம் மிளகாய்க்கு வைத்திருக்கும் அஃபிளாரொக்சின் எல்லை கிலோவுக்கு மொத்தம் 10 மைக்ரோகிராம், அதில் பி1 வகை 5. இது பூஞ்சணம் விடும் நஞ்சு. வறுத்தாலும் முழுதாகப் போகாது, அரைத்தால் கண்ணுக்கும் தெரியாது. ஆகவே வாங்கும்போதே மூட்டையின் அடி, நடு, மேல் மூன்று இடத்திலும் மிளகாய் எடுத்து நீளவாக்கில் கிழித்துப் பாருங்கள். உள்ளே சாம்பல் பூத்திருந்தால் மூட்டையைத் திருப்பி விடுங்கள். பொறுக்கி எடுத்துப் பாவிக்கலாம் என்று நினைக்க வேண்டாம். மூட்டைகளைச் சுவரில் சாய்க்காமல் பலகை மேல் அடுக்குங்கள்.

ஒவ்வொரு அரைப்புக்கும் ஓர் இலக்கம் கொடுத்து, எந்த மூட்டை மிளகாய், எந்தத் திகதி, எந்த மில் என்று எழுதி, கால் கிலோ மாதிரி எடுத்து வைத்து, ஆய்வுகூட அறிக்கையோடு அனுப்புங்கள். எள்ளுருண்டைக்கு எள்ளு இடிக்கும் அதே மில்லென்றால் எள்ளின் தடம் தூளில் இருக்கும். எள்ளும் கடுகும் கோதுமையும் அங்கே ஒவ்வாமைப் பட்டியலில் உள்ளவை, லேபலில் கட்டாயம் சொல்ல வேண்டும்.

கேள்வி: கடையை மகனிடம் கொடுத்து ஒரு வருடம். ஆனால் வேலையாட்களும் பழைய வாடிக்கையாளரும் என்னிடம்தான் வருகிறார்கள். மகனுக்குக் கோபம். நான் கடைக்குப் போகாமல் விட வேண்டுமா? – வாசகர், மானிப்பாய்

பதில்: போகாமல் விட வேண்டாம், ஐயா. உங்களுக்கென்று ஒரு வேலையைப் பிரித்து எடுத்துக்கொள்ளுங்கள். சரக்கு இறங்கும்போது முகர்ந்து, கடித்து, நல்லது கெட்டது சொல்லும் வேலை உங்களுடையதாக இருக்கட்டும். மகனையும் பக்கத்தில் நிறுத்தி, திருப்பிய ஒவ்வொரு மூட்டைக்கும் காரணத்தை வாய்விட்டுச் சொல்லுங்கள். சம்பளம், லீவு, விலை மூன்றிலும் உங்கள் வாயிலிருந்து பதில் வரக் கூடாது. வேலையாள் கேட்டால் “தம்பியைக் கேள்” என்று மட்டும் சொல்லுங்கள். உங்களிடம் ஒரு தடவை சலுகை கிடைத்தால் பிறகு யாரும் மகனிடம் போக மாட்டார்கள்.

கைமாறாமல் நிற்பது பெரும்பாலும் கடன் கொப்பிதான். யார் எவ்வளவு தர வேண்டும் என்பது கொப்பியில் இருக்கும். யாரிடம் எப்படிக் கேட்கலாம், யாருக்கு ஆவணி அறுவடைக்குப் பிறகுதான் பணம் வரும், யாருக்கு இனிக் கொடுக்கக் கூடாது என்பது உங்கள் தலையில் இருக்கும். ஒரு நாள் இருவரும் இருந்து கொப்பியை முதலிலிருந்து வாசியுங்கள். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ஒரு வரி எழுதுங்கள். பெரிய கடன்காரரிடம் இருவரும் சேர்ந்து போய், “இனித் தம்பியிடம் கொடுங்கோ” என்று நீங்களே சொல்லி, நிற்கும் தொகைக்கு ஒப்பம் வாங்குங்கள். நீங்கள் சொல்லாமல் மகன் தனியே கேட்டால் “அப்பரிடம் கொடுத்திட்டன்” என்ற பதில் வரலாம். நீங்கள் சரக்குக்காரருக்குக் கொடுக்க வேண்டியதையும் அதே நாளில் எழுதிக் கொடுங்கள். மகன் கடனோடு பொறுப்பேற்கிறார் என்றால் எவ்வளவு என்று அவருக்குத் தெரிய வேண்டும்.

கேள்வி: பிள்ளைகள் இருவருக்கும் விருப்பமில்லை. இருபத்திரண்டு வருடமாக எங்களோடு இருக்கும் வேலையாள் நடத்துகிறேன் என்கிறார். கொடுக்கலாமா? – வாசகி, திருநெல்வேலி

பதில்: தாராளமாக. விருப்பமில்லாத பிள்ளையைக் கட்டி வைப்பதை விடத் தொழில் தெரிந்த கையில் அது நன்றாக நிற்கும். முழு விலையை ஒரே தடவையில் கேட்டால் அவரால் முடியாது. இயந்திரங்கள், பாத்திரங்கள், சரக்கிருப்பு மூன்றுக்கும் விலை போட்டு மாதத் தவணையாக வாங்குங்கள். கடைப்பெயரைப் பாவிப்பதற்கு விற்பனையில் ஒரு சிறு வீதம் என்று, ஐந்து வருடத்துக்கு எழுதுங்கள். தரம் குறைந்தால் பெயரைத் திரும்ப எடுக்கும் உரிமையையும் அதில் சேருங்கள்.

அதற்கு முன் அவருக்குச் சேர வேண்டியதைத் தீருங்கள். சேமலாப நிதிக்கு உங்கள் பங்கு சம்பளத்தில் 12 வீதம், அவருடையது 8, ஊழியர் நம்பிக்கை நிதிக்கு நீங்கள் 3. ஏதாவது மாதம் கட்டாமல் விட்டிருந்தால் தொழில் திணைக்களத்தில் கேட்டு, மிகைக் கட்டணத்தோடு கட்டி முடியுங்கள். பதினைந்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடமென்றால் 1983ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டம் பொருந்தும். வருடத்துக்கு அரை மாதச் சம்பளம் வீதம், கடைசிச் சம்பளம் 40 ஆயிரம் என்றால் இருபத்திரண்டு வருடத்துக்கு 4 இலட்சத்து 40 ஆயிரம், வேலை முடிந்து முப்பது நாளுக்குள். பதினைந்து பேருக்குக் குறைந்த இடமாக இருந்தாலும் அதே கணக்கில் அவருக்குக் கொடுங்கள் என்பதே எங்கள் யோசனை. அவர் சம்மதித்தால் அந்தத் தொகையை இயந்திர விலையின் முதல் தவணையாகக் கழிக்கலாம். கழித்ததை இருவரும் ஒப்பமிட்ட ரசீதில் எழுதி, ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். மற்ற வேலையாட்களின் பழைய சேவைக் காலத்துக்கு யார் பொறுப்பு என்பதும் அதே உடன்படிக்கையில் வர வேண்டும்.